பழுதுபார்த்த கருவியை நம்பலாமா?

கரை கண்ணுக்கு மறைந்து, மலையோ கோபுரமோ மரத்தலையோ எத்திசையிலும் புலப்படாத நடுக்கடலில் விசைப்படகு ஒன்று மிதந்துகொண்டிருக்கையில், அதுவரை ஆழத்தைச் சொல்லிவந்த எக்கோ சவுண்டரோ, இருப்பிடத்தைச் சொல்லிவந்த ஜி.பி.எஸ். கருவியோ, மற்றப் படகுகளின் குரலைக் கொண்டுவந்த வயர்லெஸ் பெட்டியோ திடீரென்று நின்றுபோகுமானால், படகிலுள்ளவர்கள் அதைக் கழற்றித் தாமே செப்பனிட முற்படுவது இயல்பு. பழவேற்காடு முதல் நீரோடி வரையுள்ள நம் கரையோரத்தில் இந்தக் கைவேலையை அறியாத துறை இல்லை. கம்பியின் உறையைக் கத்தியால் சீவி, பச்சை பூத்த முனையை வெட்டியெறிந்து, புதுமுனையை முறுக்கி, ஈயம் வைத்து, நாடா சுற்றி, விசையைத் தட்டியவுடன் திரையில் வெளிச்சம் தோன்றினால் படகு முழுவதும் ஓர் ஆறுதல் பரவுகிறது. அந்த ஆறுதல் நியாயமானதே. ஆயினும், தத்துவ விசாரணைக்கு உரிய ஒரு கேள்வி அந்த ஆறுதலின் அடியிலேயே கிடக்கிறது. வெளிச்சம் திரும்பியது போலவே உண்மையும் திரும்பிவிட்டதா? நம் கையால் திறக்கப்பட்டு நம் கையால் மூடப்பட்ட ஒரு கருவி சொல்வதை, நம் உயிருக்கும் உடன்வந்தோர் உயிருக்கும் பிரமாணமாகக் கொள்ள நமக்கு எப்போது உரிமை உண்டாகிறது?

இக்கேள்வி மின்சாரத்தோடு பிறந்ததன்று. எதை அறிவென்று கொள்வது, அவ்வறிவு மெய்யென்பதற்கு எது சான்று என்னும் ஆராய்ச்சியே நம் நாட்டுத் தரிசனங்களுக்கு வாயிலாக அமைந்தது. கௌதமரின் நியாய சூத்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களைக் கூறும். வைசேடிகர் முதல் இரண்டோடு அமைந்தனர். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார் அளவை இலக்கணத்தை முன்வைத்தே தொடங்கி, காண்டல் (பிரத்தியட்சம்), கருதல் (அனுமானம்), உரை (சப்தம்) என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்கிக் காட்டுகிறது. கடலில் இடருற்றோரைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தின் பெயரைத் தாங்கிய காப்பியத் தலைவி மணிமேகலை, வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப் புகும்போது, அளவைவாதியின் உரையைத்தான் முதலிற் கேட்கிறாள். பொருளைப் பற்றிய வழக்கில் இறங்குமுன், பொருளை அளக்கும் கோலைப் பற்றித் தெளிவு வேண்டும் என்பது அந்தக் காலத்து அறிஞரின் உறுதி. அளவுகோலே உடைந்து ஒட்டப்பட்டதாக இருக்குமிடத்தில் அத்தெளிவு இன்னும் எத்தனை அவசியம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

படகிலுள்ள மின்கருவிகளை இந்த நோக்கோடு பார்த்தால், அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரமாணத்தின் உருவமாக நிற்பது புலனாகும். எக்கோ சவுண்டர் கருதல் அளவையின் கருவி. படகின் அடியில் பொருத்திய பீங்கான் போன்ற படிகத்தட்டு மின்துடிப்பை ஒலித்துடிப்பாக்கிக் கீழே அனுப்புகிறது. அவ்வொலி கடல்நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் சென்று, தரையில் மோதித் திரும்பி, அதே தட்டில் மீண்டும் மின்துடிப்பாகிறது. போக வர ஆன காலத்தைப் பாதியாக்கி வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். பத்தில் ஒரு விநாடியில் எதிரொலி திரும்பினால் ஆழம் 75 மீட்டர். கருவி கடலின் தரையைக் காண்பதில்லை. எதிரொலி என்னும் ஏதுவைக்கொண்டு தரையை ஊகிக்கிறது. மலையில் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று துணிவதற்கும் இதற்கும் நெறியில் வேற்றுமை இல்லை. புகையென்று எண்ணியது பனிமூட்டமாக இருந்தால் அனுமானம் பிழைபடுவதுபோல இங்கும் பிழை நேரக்கூடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆழ்கடலில் ஒலிக்கருவிகளை வைத்துச் சோதித்தவர்கள், தரை இல்லாத இடத்தில் தரைபோல் ஓர் எதிரொலி எழுவதையும், அது இரவில் மேலேறிப் பகலில் கீழிறங்குவதையும் கண்டு வியந்தனர். திரள் திரளாக வாழும் சிறு கடலுயிர்களே அந்தப் பொய்த்தரை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பழுதே இல்லாத கருவிக்கும் ஏதுப்போலி உண்டு.

ஜி.பி.எஸ். கருவியோ உரையளவையைச் சார்ந்தது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள், தாம் எங்கே இருக்கிறோம், இப்போது மணி என்ன என்னும் இரண்டையுமே இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் வாக்கைக் கேட்டு, அவ்வாக்குகள் வந்துசேர்ந்த காலத்தை ஒப்பிட்டு, படகின் பெட்டி தன் இடத்தைக் கணிக்கிறது. விநாடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். ஆதலின் அந்த வாக்கு எவ்வளவு துல்லியமானதாக இருக்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சொல்பவன் ஆப்தனாக, அதாவது நம்பத்தக்கவனாக, இருந்தால்தான் சப்தம் பிரமாணமாகும் என்றனர் நையாயிகர். இங்கே வானில் சொல்பவன் ஆப்தனாகவே இருக்கிறான். ஆயினும் அவன் சொல்லைக் கேட்கும் செவி பழுதாகிச் செப்பனிடப்பட்டது என்பதே நம் கவலை.

கருவி பழுதுறும் வகைகளையும் நம் நூலோர் வகுத்த முறையிலேயே பிரித்துக் காணலாம். முதலாவது அறியாமை: திரை இருண்டுபோகிறது, பெட்டி மௌனமாகிறது. இரண்டாவது ஐயம்: ஆழம் ஒரு கணம் 20 என்றும் மறுகணம் 60 என்றும் தாவுகிறது. தட்டின் முகத்தில் சிப்பியும் கொட்டலசும் படிந்திருக்கலாம், அடியில் நுரைக்குமிழ்கள் ஓடலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். மூன்றாவது திரிபு: கருவி சிறிதும் தடுமாறாமல், தெளிந்த எழுத்தில், ஒரு பொய்யைச் சொல்கிறது. இம்மூன்றனுள் மௌனத்தை அஞ்ச வேண்டுவதில்லை. கருவி மௌனமானால் மனிதன் விழித்துக்கொள்கிறான், வேகத்தைக் குறைக்கிறான், ஆழமளக்கும் குண்டுக்கயிற்றை எடுக்கிறான். ஐயமும் எச்சரிக்கையே. அஞ்சத்தக்கது திரிபு ஒன்றே. ஏனெனில் அது அறிவின் வேடத்தைப் புனைந்து வருகிறது. கவனமின்றிச் செய்த செப்பம் பல வேளைகளில் அறியாமையைப் போக்கித் திரிபைக் குடியேற்றுகிறது என்பதே இப்பொருளின் இதயம்.

இதற்கு ஓர் உதாரணம் போதும். செப்பனிடுகையில் ஜி.பி.எஸ். கருவியின் நினைவு அழிந்து, அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்புவது உண்டு. முன்பு பாகையையும் நிமிடத்தையும் தசமப் பின்னத்தோடு காட்டுமாறு அமைத்திருந்த கருவி, இப்போது பாகை, நிமிடம், விநாடி என்று காட்டத் தொடங்கலாம். 15.30 நிமிடம் என்று குறித்து வைத்திருந்த இடத்தை 15 நிமிடம் 30 விநாடி என்று கொண்டால், அட்சரேகையின் ஒரு நிமிடம் 1852 மீட்டராதலால், வேற்றுமை 370 மீட்டராகிறது. கருவியில் பொய் இல்லை. கேட்டவன் அதன் மொழியை மாற்றிக் கேட்டான். வலை விரிக்கும் பாரைத் தவறவிடவும், வலையைப் பாறையில் கிழிக்கவும் அந்தத் தூரம் போதும். 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் எல்லை வரையப்பட்ட பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும், அந்தத் தூரம் ஒரு குடும்பத்தின் தலைவனை அயல்நாட்டுச் சிறையில் வைக்கவும் போதும். மற்றொன்றும் உண்டு: ஜி.பி.எஸ். அமைப்பு வாரங்களை எண்ணும்போது 1024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை சுழிக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியபோது, பழைய கருவிகள் சில இடத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டே நாளை ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னே காட்டின. எந்த ஈயப்பற்றும் இந்தப் பிழையை நீக்காது. இது உடலில் உள்ள நோயன்று, கணக்கில் உள்ள மயக்கம்.

உடலில் உண்டாகும் நோய்க்கு மூலகாரணம் உப்பும் ஈரமும். செம்புக்கம்பியின் வெட்டுமுனையில் நுழையும் உப்புநீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளின் நடுவே ஏறிச் சென்று, உறைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் களிம்பை உண்டாக்குகிறது. ஆன்மாவை ஆணவமலம் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பையே உவமையாகக் கூறினர். அவர்கள் கூறிய மலம் அனாதியே உள்ளது. படகின் கம்பியில் ஏறும் களிம்போ இடையில் வந்து சேர்வது. எனினும் இரண்டும் ஒரு தொழிலைச் செய்கின்றன. களிம்பு செம்பின் இயல்பை அழிப்பதில்லை. அது செயற்பட ஒட்டாமல் மறைக்கிறது. மேலே துடைத்துப் பளபளப்பாக்குவதால் அது நீங்குவதுமில்லை. உறையைச் சீவிக்கொண்டே சென்று, உள்ளே செம்பு தன் செம்மையோடு ஒளிரும் இடம் வரையில் வெட்டியெறிந்தபின்தான் புதிய இணைப்பைச் செய்ய வேண்டும். தகரம் பூசிய கம்பியைப் பயன்படுத்துவதும், அமிலம் கலந்த பசையை விலக்கிக் குங்கிலியப் பசையால் ஈயம் வைப்பதும், இணைப்பின்மேல் நீர்புகாத உறையை இறுகச் சுருக்குவதும் அறிந்தவர் கையாளும் முறைகள்.

கருவியே கடல்நீரில் மூழ்கிவிட்டால், அதை வெயிலில் வைத்து உலர்ந்ததும் விசையைத் தட்டுவது பெரும் பிழை. நீர் உலரும், உப்பு உலராது. தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் மீண்டும் உறிஞ்சி, செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே இருக்கும். உடனே மின்தொடர்பை அறுத்து, பாட்டரியைக் கழற்றி, நல்ல நீரில், கூடுமானால் வாலைவடித்த நீரில், உப்புப் போகுமட்டும் அலசி, பின் சாராயத் திரவத்தால் கழுவி, மெல்ல உலரவிட வேண்டும். இவ்வாறு செய்தும் அக்கருவி முன்போல் நீடிக்கும் என்று உறுதி கூற முடியாது. பியூஸ் எரிந்துபோன இடத்தில் வெறுங்கம்பியை வைத்து முறுக்குவதோ பிழையினும் பெரியது. பியூஸ் எரிந்தது ஒரு சாட்சி வாக்குமூலம் கொடுத்தது போன்றது. அந்தச் சாட்சியின் வாயை அடைத்தவன், அடுத்த வாக்குமூலத்தைத் தீயின் வாயிலாகவே கேட்க நேரும்.

இனி மூலக்கேள்விக்கு வருவோம். செப்பனிட்ட கருவி தரும் அறிவு மெய்யென்பது எப்படித் தெரியும்? மெய்மையைப் பற்றி நம் நாட்டில் நெடுங்காலம் நடந்த வழக்கு ஒன்று உண்டு. அறிவு தோன்றும்போதே மெய்யென்னும் தகுதியோடு தோன்றுகிறது, அதைப் பொய்ப்பிக்கும் பாதகம் வந்தாலன்றி ஐயுற வேண்டுவதில்லை என்பது மீமாம்சகர் கட்சி. இதை ஸ்வதப் பிராமாணியம் என்பர். அறிவின் மெய்மை அதற்குப் புறம்பான சான்றினாலேயே நிச்சயிக்கப்படும், அவ்வறிவை நம்பிச் செய்த செயல் பலிக்குமாயின் அது மெய், பலியாவிடின் பொய் என்பது நையாயிகர் கட்சி. இது பரதப் பிராமாணியம். வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷியத்தின் வாயிலிலேயே, பிரமாணம் பயனுள்ளதாகத் துணியப்படுவது பிரவிருத்தி, அதாவது செயல், கைகூடுவதனால் என்று நிறுவுகிறார். ஒவ்வோர் அறிவுக்கும் வேறோர் அறிவு சான்றாக வேண்டுமானால் அது முடிவின்றித் தொடருமே என்று மீமாம்சகர் மறுப்பர். இரு கட்சியும் ஆழ்ந்த சிந்தனையின் விளைவு. இரண்டுக்கும் கடலில் இடமுண்டு என்பது என் துணிபு. பழுதுறாமல் நாள்தோறும் உழைத்துவரும் கருவியிடத்து மனிதன் மீமாம்சகனாக இருப்பதே முறை. ஒவ்வொரு கணமும் ஐயுற்றால் படகை ஓட்டுவது இயலாது. ஆனால் திறந்து மூடப்பட்ட கருவியிடத்து அவன் நையாயிகனாகவே மாறிவிட வேண்டும். பழுது என்பதே பாதகம். அது ஒருமுறை வந்துவிட்டபின், பழைய நம்பிக்கை தானாக உயிர்த்தெழுவதில்லை. புதிய சான்று கொடுத்து அதை மீட்க வேண்டும்.

செயலிலே சோதிப்பது என்றால் என்ன என்பதை வயர்லெஸ் பெட்டியே நன்கு கற்பிக்கிறது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியில், களிம்பேறிய ஓர் இணைப்பு அரை ஓம் அளவு தடையை உண்டாக்கிவிட்டது என்று கொள்வோம். மீட்டரை வைத்து அளந்தால், கம்பியில் மின்னோட்டம் இல்லாதபோது, அது 12.6 வோல்ட் என்று நிறைவாகவே காட்டும். பெட்டியின் விசையைத் திருப்பினால் விளக்கு எரியும். கேட்பதற்குச் சிறிதளவு மின்னோட்டமே வேண்டுமாதலால் மற்றவர் குரல்களும் தெளிவாகக் கேட்கும். ஆனால் 25 வாட் வலிமையோடு பேச விசையை அழுத்தியவுடன் ஏறக்குறைய 5 ஆம்பியர் ஓடவேண்டும். அப்போது அந்த அரை ஓம் 2.5 வோல்ட்டை விழுங்கிவிடும். பெட்டிக்கு எஞ்சுவது ஏறத்தாழ 10 வோல்ட்டே. பெட்டி தளர்ந்து அணையும், அல்லது குரல் வெளியே போகாது. எல்லாம் நன்றாயிருப்பதாகத் தோன்றி, உதவி கேட்கும் அந்த ஒரு கணத்திலேயே கைவிடும் கருவி இது. சும்மா இருக்கையில் மெய்யாகத் தோன்றியது செயலில் பொய்யாயிற்று. ஆகவே, சுமையை ஏற்றாமல் செய்த சோதனை சோதனையாகாது. பெட்டியைச் செப்பனிட்டவன், பேச்சு விசையை அழுத்தியபடியே மீட்டரைப் பார்க்க வேண்டும். பின்பு தூரத்திலுள்ள படகொன்றை அழைத்து, தன் குரல் அங்கே தெளிவாகச் சேர்ந்ததா என்று கேட்டறிய வேண்டும்.

ஏனைய கருவிகளுக்கும் இதுவே நெறி. எக்கோ சவுண்டரைச் செப்பனிட்டால், நங்கூரமிட்ட இடத்தில் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, பாகம் பாகமாக அளந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். கருவி தன் தட்டிலிருந்து அளக்கிறது, கயிறு நீர்மட்டத்திலிருந்து அளக்கிறது. ஆதலின் தட்டு அமிழ்ந்திருக்கும் ஆழத்தைக் கூட்டிக்கொள்ள மறக்கலாகாது. ஜி.பி.எஸ். கருவியை, முன்பே எண் குறித்து வைத்த அலைதடுப்புச் சுவரின் முனையிலோ பாலத்தின் அருகிலோ நிறுத்திப் பார்க்க வேண்டும். குண்டு தரையைத் தொட்டு, கயிறு கையில் தளரும் அந்த இடத்தில் மீமாம்சகர் கூறிய முடிவில்லாத தொடர்ச்சி முடிந்துபோகிறது. அங்கே சான்றுக்குச் சான்று தேட வேண்டுவதில்லை.

இவற்றோடு, ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றைக் கெடுத்துவிடுதலும் உண்டு. மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820ஆம் ஆண்டில் ஓர்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி கண்டறிந்தார். செப்பனிட்ட பெட்டிக்குப் புதுக்கம்பி இழுத்தவன் அதைத் திசைமானியின் அருகே கொண்டுசென்றாலும், ஒலிபெருக்கியின் காந்தத்தை அதன் பக்கத்தில் மாட்டினாலும், ஊசி விலகும். பெட்டி பேசத் தொடங்குகையில் திசை பொய்யாகும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி, திசைமானிக்கு எட்ட நிறுத்துவது இதற்குப் பரிகாரம். நற்செயலின் பக்கவிளைவுக்கும் செய்தவனே கர்த்தா என்னும் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்வளவு அபாயம் உண்டென்றால், கற்ற நிபுணன் கையில் அன்றிக் கருவியைத் திறக்கவே கூடாது என்று விதித்துவிடலாகாதா எனச் சிலர் கேட்கக்கூடும். இந்த ஆட்சேபம் கவனத்துக்கு உரியது. ஆயினும் முழுவதும் ஏற்கத்தக்கதன்று. தூத்தூர் முதலிய கன்னியாகுமரிக் கரையூர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கரை காணாமல் தொழில் செய்கின்றனர். அங்கே நிபுணன் வரமாட்டான். தன்னைத் தாங்கும் கருவியின் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருபோதும் பாராதவன், அக்கருவிக்கு எஜமானன் அல்லன், அடிமையே. மேலும், மீன்களைக் காட்டும் எதிரொலிக் கருவியின் சரித்திரமே இவ்வாட்சேபத்துக்கு விடையாக நிற்கிறது. ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் படகுகளுக்கு மின்வேலை செய்துவந்த புருனோ சகோதரர்கள், யுத்தம் முடிந்தபின் கிடைத்த பழைய இராணுவ ஆழமானிகளைப் பிரித்துப் பார்த்துத் திருத்தி, 1948இல் நடைமுறைக்கு உகந்த மீன்காட்டும் கருவியை உலகுக்கு அளித்தனர். பழையதைத் திறந்து பழுதுபார்த்த கைகளே புதியதைப் படைத்தன. அறிவைச் சிலருடைய தனியுடைமையாக்கி மற்றவரைத் தொடாதே என்று தடுப்பது, எத்துறையிலும் அறமாகாது.

எனினும், தகுதிக்கேற்ப உரிமையை வகுக்கும் அதிகாரி பேதம் என்று நம் முன்னோர் கூறிய பாகுபாடு இங்கே வேறொரு பொருளில் உண்மையாகிறது. பிறப்பாலும் பட்டத்தாலும் வருவதன்று இந்த அதிகாரம். தான் செய்ததைத் தானே சோதிக்க முடியுமா என்பதே அதன் அளவு. எதைச் செயலால் சோதிக்க முடியுமோ அதைத் திறக்க மீனவனுக்கு அதிகாரம் உண்டு. எதைச் சோதிக்க முடியாதோ அதைத் திறக்க அதிகாரம் இல்லை. ஆபத்துக் காலத்தில் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு அபயக்குரல் அனுப்பும் மிதவைக் கருவியையும், இஸ்ரோ உருவாக்கி 2010 முதல் நம் மீனவர் கையில் உள்ள ஆபத்து அறிவிப்புக் கருவியையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அவற்றை உண்மையாக இயக்கிப் பார்ப்பது என்றால், பொய்யாக அபயம் கூறி, மெய்யாகவே மூழ்குபவனைத் தேட வேண்டிய கப்பலைத் திசைதிருப்புவதாகும். கருவியிலேயே அமைந்த சுயசோதனை விசைக்குமேல் அவற்றில் கைவைக்கலாகாது; நீர்புகா முத்திரையும் பாட்டரியும் அதற்கென அமைந்த நிலையத்திலேயே மாற்றப்பட வேண்டும். இங்கே கையை விலக்குவதும் சத்தியத்துக்கு இணங்கிய ஒழுக்கமே.

இதனினும் முக்கியமான கடமை ஒன்று எஞ்சியிருக்கிறது. படகில் கருவியைச் செப்பனிட்டவன் ஒருவன். அதை நம்பி உறங்குபவர் பலர். தான் என்ன செய்தான், எதைச் சோதித்தான், எதைச் சோதிக்கவில்லை என்பதை அவர்கள் அனைவருக்கும் ஒளிக்காமல் சொல்ல அவன் கடமைப்பட்டவன். ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்ற ஒரு சொல் எளிது. கேட்பவர் மனமும் அதைத்தான் விரும்புகிறது. ஆனால் ‘பெட்டியில் கேட்கிறது, பேசிப் பார்க்கவில்லை’, ‘ஆழம் காட்டுகிறது, குண்டு இறக்கிப் பார்க்கவில்லை’ என்னும் முழுமையான சொல்லே சத்தியம். சோதித்த அளவுக்கு மேல் ஓர் அங்குலமும் உரிமை கொண்டாடாத வாக்கே ஆப்தவாக்கியம். படகின் உட்சுவரில் ஒரு சிறு பலகை வைத்து, செப்பனிட்ட நாளையும் செய்த வேலையையும் பார்த்த சோதனையையும் எழுதி வைப்பது நல்ல வழக்கமாகும். இரவுக்காவலில் மாறி வருபவனுக்கு அது உரையளவையாகவே உதவும்.

கருவி ஒன்றே பிரமாணம் என்று கொள்வதும் பிழை. நம் கடலோரத்தார் கருவிகள் வருமுன்னரே நுட்பமான அளவைகளை உடையவராக இருந்தனர். கரையிலுள்ள மலைமுகட்டையும் கோபுரத்தையும் ஒருசேர நோக்கிக் கடலடியிலுள்ள பாரின் இடத்தைக் கணிக்கும் கணியம், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றை இனம்பிரித்து உணரும் உணர்வு, நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தின் போக்கை வலையின் இழுப்பில் அறியும் கை, விண்மீன்களின் எழுச்சியால் இரவைப் பகுக்கும் கண் ஆகிய இவையெல்லாம் காண்டலும் கருதலும் ஆகிய பெருஞ்செல்வங்கள். மூத்தோர் வாய்மொழியாக இளையோர்க்கு இவை இறங்கிவந்தன. இன்று ஒளிரும் திரையின் முன் இவை மங்கிவருகின்றன. செப்பனிட்ட கருவியைச் சோதிப்பதற்கு வேறொரு பிரமாணம் வேண்டும். அந்த வேறொன்று கணியமும் குண்டுக்கயிறுமே. அவற்றைத் தொலைத்தவன் கருவியின் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழியையும் தொலைத்துவிடுகிறான். ஆதலால் பழமையைப் போற்றுவது இங்கே வெறும் பக்தியன்று. புதுமையைச் சரிபார்க்க இன்றியமையாத தேவை.

கடலோர மக்கள் இறைநம்பிக்கை மிகுந்தவர்கள். ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். புதுப்படகைப் பாதிரியார் புனிதநீர் தெளித்து ஆசீர்வதிக்கிறார். தொழுகை முடித்தே கடலேறும் ஊர்களும் உண்டு. இவ்வழிபாடுகளின் உட்பொருள், நம்மைத் தாங்கும் பொருளிடத்து நன்றியோடும் கவனத்தோடும் நடந்துகொள்ளுதல். பொட்டிட்டு வணங்கிய பெட்டியின் பின்புறத்தில் களிம்பு ஏறிக்கிடக்குமானால், அங்கே பூசை நடந்தது, சிரத்தை நடக்கவில்லை. வருவது வரும் என்று விதியின்மேல் சுமத்திவிடுதலும் பக்தியாகாது. 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலின்போது, எச்சரிக்கை எழுமுன்னரே ஆழ்கடல் சென்றிருந்த பலருக்குச் செய்தி எட்டவில்லை; சென்றவர் பலர் திரும்பவில்லை. நேர்கோட்டில் செல்லும் வி.எச்.எப். வயர்லெஸ் அலை, எவ்வளவு நன்றாகச் செப்பனிட்ட பெட்டியிலிருந்து புறப்பட்டாலும், கடலின் வளைவைத் தாண்டி நெடுந்தூரம் போவதில்லை. கருவியின் பழுதை நீக்குவது மனிதன் கடமையானால், பழுதற்ற கருவிக்கும் உள்ள எல்லையை அறிந்து, அதற்கு அப்பால் எட்டும் கருவியை மீனவர்க்கு அளிப்பது அரசின் கடமை, சமூகத்தின் கடமை. விதியை நினைப்பதற்கு இடம், இக்கடமைகள் அனைத்தும் நிறைவேறிய பிறகே உண்டு.

ஆகவே, பழுதுபார்த்த கருவியை நம்பலாமா என்னும் கேள்விக்கு என் விடை இது: நம்பலாம், ஆனால் அது ஒளிர்கிறது என்பதற்காக அன்று, பழுதுபார்த்தவன் நம்முடையவன் என்பதற்காகவும் அன்று. சுமையில் வைத்துச் சோதித்து, வேறோர் அளவையோடு ஒப்பிட்டு, சோதித்த அளவை மறைக்காமல் சொன்ன பிறகு, அந்த அளவுக்கு நம்பலாம். மீனவ இளைஞர்கள் ஈயம் வைக்கும் கோலையும் மீட்டரையும் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும்; அதனோடு மூத்தவர்களிடம் கணியத்தையும் குண்டுக்கயிற்றையும் கேட்டுப் பயில வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் வகுப்பு ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் ஏற்பட வேண்டும். அதை ஏற்படுத்தும் ஆற்றல் மீனவர் சங்கங்களுக்கும் மீன்வளத் துறைக்கும் உண்டு. அடுத்த தொழிற்பருவம் தொடங்குமுன் அவர்கள் அதில் முனைவார்களாக.